டெல்லியைச் சுற்றிப் பார்க்க: கிழமையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

முதல் தடவை குடும்பத்தோடு டெல்லி போனபோது, சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு சென்னை சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். லீவுக் கணக்குக்கு அதுதான் ஒத்துவந்தது. ஏறக்குறைய 33 மணி நேரம் கழித்து, விடிந்தும் விடியாமலும் புது டெல்லி ஸ்டேஷனில் இறங்கினோம். குளித்துவிட்டு நேரே செங்கோட்டை. கதவு சாத்தியிருந்தது. சரி, தேசிய அருங்காட்சியகம் போகலாம் என்றால் அங்கேயும் பூட்டு. ஆட்டோக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் தாமரைக் கோயில் வரை கூட்டிப்போய் இறக்கிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போனார். அதுவும் பூட்டு. அன்று திங்கட்கிழமை என்பதும், அந்த ஊரில் திங்கட்கிழமை என்றால் என்ன என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு நான்கைந்து முறை போய்வந்துவிட்டேன். சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பலருக்குத் திட்டம் போட்டும் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் காலண்டரை எடுக்கச் சொல்வேன். மாதம், கிழமை, நேரம், திசை என்ற வரிசையில் யோசித்தால் இடங்கள் தாமாகவே வந்து உட்காரும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. என்னைக் கேட்டால் இதற்குப் பதிலே வேறு இல்லை. குளிர் விலகியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, ஊரெங்கும் ரவுண்டானாக்களில் பூக்கள். குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதும் இந்தப் பருவத்தில்தான். 2023 வரை முகல் தோட்டம் என்று சொன்னார்களே, அதுவேதான். நுழைவு இலவசம், முன்பதிவு செய்துவிட்டுப் போனால் வரிசைத் தொல்லை குறையும்.

அடுத்த நல்ல காலம் அக்டோபரின் முதல் பாதி. பூஜை விடுமுறையில் போகிறவர்களுக்குப் பொருந்தும். தீபாவளி ஒட்டி, நவம்பரில் போவதாக இருந்தால் யோசியுங்கள். சுற்றியுள்ள மாநிலங்களில் அறுவடைக்குப் பின் வயலில் கொளுத்தும் பயிர்த் தாள், ஊரின் வாகனப் புகை, பட்டாசு, காற்றே அசையாத பருவநிலை எல்லாம் சேர்ந்து வானம் சாம்பல் நிறத்தில் தொங்கும். இழுப்பு உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் இந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் அன்றன்றைய காற்றின் தரத்தைப் பார்க்கலாம்.

டிசம்பர் கடைசியும் ஜனவரியும் வேறு மாதிரிச் சிக்கல். அரையாண்டு விடுமுறையில் நம்மூர்க் கூட்டம் முழுக்க அப்போதுதான் கிளம்பும். அப்போதுதான் மூடுபனியும் இறங்கும். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், அதிகாலை விமானங்கள் தள்ளிப்போகும். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால், மதியம் போய் இறங்கும் விமானமாகப் பாருங்கள். இன்னொன்று, டிசம்பரில் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். காலை ஏழு மணிக்குத்தான் வெளிச்சம் வரும். சூரியன் இருக்கும்வரைதான் பல நினைவுச் சின்னங்களுக்குள் விடுவார்கள் என்பதால், ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது சுருங்கிய பகல்.

ஜனவரி 26ஐச் சுற்றிய வாரம் அணிவகுப்பைப் பார்க்கிறவர்களுக்கு மட்டும். 23ஆம் தேதி முழு ஒத்திகை, 29ஆம் தேதி படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. இந்த நாட்களில் மையப் பகுதிச் சாலைகள் அடைபடும். ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டையைப் பாதுகாப்புக்காக மூடிவிடுவார்கள். மே, ஜூன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 45 டிகிரி வரை போகும் வெயில், அவ்வளவுதான்.

படி 2: கிழமையைக் கட்டம் கட்டுங்கள்

ஒரு காகிதத்தில் ஏழு கிழமையையும் எழுதி, கீழே உள்ளதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திங்கள்: செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், காந்தி ஸ்மிருதி, பிரதமர்கள் அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம் எல்லாம் விடுமுறை. சரோஜினி நகர், லஜ்பத் நகர், கரோல் பாக் கடைத்தெருக்களுக்கும் அன்றுதான் வார விடுமுறை.

வெள்ளி: ஆக்ராவில் தாஜ்மஹால் மூடியிருக்கும். டெல்லி உயிரியல் பூங்காவும் அப்படியே. ஜாமா மசூதியில் மதியத் தொழுகைக் கூட்டம் இருக்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அந்நேரம் விடமாட்டார்கள்.

ஞாயிறு: சாந்தினி சவுக், கனாட் பிளேஸ், கான் மார்க்கெட் கடைகளில் பெரும்பாலானவை திறக்காது.

ஆக, திங்கள் காலை டெல்லியில் போய் இறங்குவது போல மோசமான தொடக்கம் கிடையாது. சென்னையிலிருந்து ரயிலில் போகிறவர்கள் ஞாயிறு இரவு ஏறினால் செவ்வாய் காலை இறங்கலாம். ஒரு நாள் கூடுதல் லீவு போட வேண்டியிருக்கும், போட்டுவிடுங்கள். திங்களைத் தவிர்க்கவே முடியாது என்றால் அன்றைக்குக் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம், ஜந்தர் மந்தர் என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு வார விடுமுறை இல்லை.

படி 3: டிக்கெட்

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்னால்தான் திறக்கிறது. முன்பு போல நான்கு மாதம் முன்னாலேயே போட்டுவைக்க முடியாது. அதனால் பயணத் தேதியிலிருந்து 60 நாள் பின்னால் எண்ணி, அந்த நாளைக் கைப்பேசியில் அலாரமாகவே வையுங்கள். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தவிர ராஜதானியும் துரந்தோவும் உண்டு. தெற்கே இருப்பவர்களுக்குக் கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் போய் நிற்பது புது டெல்லி ஸ்டேஷன். ராஜதானி, துரந்தோ, திருக்குறள் மூன்றும் ஹஸ்ரத் நிஜாமுதீன் ஸ்டேஷனில் நிற்கும். பழைய டெல்லி ஸ்டேஷன் இன்னொன்று. தங்கும் இடத்தை இதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்னையிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள்தான். விமான நிலையத்தின் மூன்றாவது முனையத்திலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ சுமார் இருபது நிமிடத்தில் புது டெல்லி ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்துவிடும். டாக்ஸிக்காரர்களோடு பேரம் பேசி மாள்வதை விட இது எவ்வளவோ மேல்.

படி 4: மஞ்சள் கோட்டை ஒட்டித் தங்குங்கள்

டெல்லி மெட்ரோ 2002 டிசம்பரில் தொடங்கியது. இன்று அதன் வரைபடத்தைப் பார்த்தால் நூல்கண்டு சிக்கினது போலத் தெரியும். பயப்பட வேண்டாம். சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு மஞ்சள் கோடு ஒன்று போதும், அதோடு ஊதாக் கோடு கொஞ்சம். சாந்தினி சவுக், புது டெல்லி ஸ்டேஷன், கனாட் பிளேஸுக்கான ராஜீவ் சவுக், அரசு அலுவலகங்கள் இருக்கும் சென்ட்ரல் செக்ரடேரியட், லோதி தோட்டத்துக்கான ஜோர் பாக், கைவினைச் சந்தையான டில்லி ஹாட்டுக்கான ஐஎன்ஏ, குதுப் மினார் எல்லாம் மஞ்சள் கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

பணத்தைப் பார்த்துச் செலவழிப்பவர்கள் பஹார்கஞ்சில் தங்குகிறார்கள். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே, ஆனால் சந்துகள் நெருக்கடி, இரவெல்லாம் சத்தம். பெண்கள் தனியாகவோ, வயதானவர்களோடோ போனால் நான் அங்கே அனுப்ப மாட்டேன். கரோல் பாக் குடும்பங்களுக்கு நல்லது. நம்மவர்கள் நீண்டகாலமாக வாழ்ந்த பகுதி என்பதால் இட்லி தோசைக்கும் பஞ்சமில்லை. அது நீலக் கோட்டில் இருக்கிறது, ராஜீவ் சவுக்கில் மாறிக்கொள்ளலாம். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் ஹவுஸ் காஸ், கிரீன் பார்க் பக்கம் அமைதியாக இருக்கும்.

குளிர்காலத்தில் அறை எடுக்கும்போது கீஸர் வேலை செய்கிறதா, அறைக்கு ஹீட்டர் தருவார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். ஜனவரியில் ராத்திரி ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும். கட்டடங்களோ வெயிலுக்காகக் கட்டியவை. வெளியே இருப்பதை விட உள்ளே அதிகம் குளிரும் என்பதை நாம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

படி 5: முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியவை

குடியரசுத் தலைவர் மாளிகையைச் சுற்றிப் பார்க்க அதன் இணையதளத்தில் பெயர், அடையாள அட்டை விவரத்தோடு பதிவு செய்ய வேண்டும். நேரில் போய் நின்றால் விடமாட்டார்கள். 340 அறைகள் கொண்ட அந்த மாளிகையில் நமக்குக் காட்டுவது சில கூடங்கள்தான் என்றாலும், 2024 வரை தர்பார் மண்டபம் என்று சொன்ன கணதந்திர மண்டபத்துக்குள் நிற்பதற்காகவே போகலாம். காவலர் மாறும் அணிவகுப்பு சனிக்கிழமைகளில் நடக்கும். அதற்கும் அங்கேயே பதிவு.

நாடாளுமன்றம் கூடியிருக்கும்போது பார்வையாளர் மாடத்தில் உட்கார உங்கள் தொகுதி எம்.பி.யின் பரிந்துரை வேண்டும். அவருடைய அலுவலகத்துக்குச் சில வாரங்கள் முன்னால் எழுதிக் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை. 2023 மே 28 அன்று திறந்த புதிய கட்டடத்தின் மக்களவையில்தான், திருவாவடுதுறை ஆதீனத்தோடு தொடர்புடைய செங்கோல் சபாநாயகர் இருக்கைக்கு அருகே இருக்கிறது.

தொல்லியல் துறையின் இடங்களுக்கு அங்கேயே க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து டிக்கெட் எடுக்கலாம், கவுன்டரை விட ஐந்து ரூபாய் போலக் குறைவு. இந்தியர்களுக்குப் பெரிய இடங்களிலேயே 40 ரூபாய் அளவில்தான். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. ஆனால் இலங்கைத் தமிழர்கள் கவனிக்க: இலங்கையும் சேர்ந்த சார்க், பிம்ஸ்டெக் கூட்டமைப்பு நாட்டவருக்கு டெல்லியில் இந்தியக் கட்டணமே. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், இல்லையென்றால் வெளிநாட்டுக் கட்டணம் கேட்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இந்தியக் கட்டணம்தான்.

படி 6: ஊரைத் திசைவாரியாக நாட்களுக்குப் பிரியுங்கள்

செங்கோட்டையிலிருந்து குதுப் மினார் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே காலையில் பார்க்கும் ‘ஒரு நாள் டூர்’ பஸ்களில் பாதி நாள் சிக்னலில் போய்விடும். செவ்வாயில் இறங்கி ஞாயிறு இரவு கிளம்பும் கணக்கில் என் பிரிவினை இது.

செவ்வாய், புது டெல்லி. பயணக் களைப்பு இருக்கும், அதனால் டிக்கெட் வாங்கும் இடங்கள் வேண்டாம். மதியம் வரை தூங்கிவிட்டு, நாலு மணிக்கு சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கி கர்த்தவ்ய பாதையில் நடந்தால் இந்தியா கேட். 42 மீட்டர் உயரம். பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பலரும் அங்கே செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பின்னாலேயே 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகம் இருக்கிறது. எனக்கு இந்தியா கேட்டை விட இதுதான் நெஞ்சில் நின்றது. வட்ட வட்டமாகப் போகும் சுவர்களில் ஒரு கல்லுக்கு ஒரு பெயர். தமிழ்ப் பெயர்களைத் தேடிக்கொண்டே நடந்தால் நேரம் போவது தெரியாது. இருட்டும் வரை இருங்கள்.

இந்தப் பகுதியில் சாலைப் பெயர்ப் பலகைகளையும் படித்துக்கொண்டே போங்கள். ராஜாஜி மார்க், காமராஜ் மார்க், சுப்ரமணிய பாரதி மார்க் எல்லாம் இங்கேதான். ராஜாஜி மார்க் பத்தாம் எண் வீட்டில்தான் அப்துல் கலாம் பதவிக்காலத்துக்குப் பிறகு குடியிருந்தார்.

புதன், பழைய டெல்லி. இந்த நாளுக்குத் தெம்பு வேண்டும். காலையில் திறந்த உடனே செங்கோட்டை. ஊதாக் கோட்டில் லால் கிலா ஸ்டேஷன். ஷாஜஹான் ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற நினைத்து 1639இல் தொடங்கி 1648இல் முடித்த கோட்டை. லாகூரி வாசலில் நுழைந்தால் மேலே கூரை போட்ட கடைவீதி, அதைத் தாண்டித்தான் பேரவை மண்டபங்கள். யமுனை முன்பு கோட்டைச் சுவரை ஒட்டி ஓடியது. இப்போது அங்கே சாலை. மயிலாசனம் இருந்த இடத்தில் அது இல்லை, 1739இல் நாதிர் ஷா கொண்டுபோய்விட்டார். ஏமாற்றமாக இருக்கிறதே என்று தோன்றும் நேரத்தில், உள்ளே இருக்கும் நேதாஜி, இந்திய தேசிய ராணுவ அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1945இல் அந்தப் படை அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது இதே கோட்டையில்தான். மலேயாவிலிருந்து எத்தனையோ தமிழர்கள் சேர்ந்த படை அது.

வெளியே வந்தால் எதிரே சாந்தினி சவுக். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை மோட்டார் வாகனங்களை விடுவதில்லை, அதனால் நடக்கலாம், இல்லையென்றால் ரிக்ஷா. ரிக்ஷாக்காரரிடம் ஏறும் முன் ‘எத்தனை பேர், எவ்வளவு தூரம், திரும்பி வருவதா இல்லையா’ என்ற மூன்றையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும். முனையில் சிவப்புக் கல்லில் திகம்பர ஜைனர் கோயில், அதற்குள் பறவைகளுக்கு ஆஸ்பத்திரி. கொஞ்சம் தள்ளி, 1675இல் குரு தேக் பகதூரின் தலையை வெட்டிய இடத்தில் நிற்கும் சீஸ் கஞ்ச் குருத்வாரா. வெள்ளிக்கு தரீபா கலான், சரிகைக்கும் கல்யாணச் சாமானுக்கும் கினாரி பஜார். தெரு முடிவில் ஃபதேபுரி மசூதியைத் தாண்டினால் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மூட்டை மூட்டையாகக் காய்ந்த மிளகாய் கிடக்கும். நுழைந்ததும் தும்மல், பிறகு இருமல். கைக்குட்டை எடுத்துப்போங்கள்.

பராத்தே வாலி கலியில் சாப்பிடாமல் வந்தால் யாரும் விடமாட்டார்கள். அந்தப் பராத்தா கல்லில் சுடுவதல்ல, சட்டியில் பொரிப்பது. ஒன்று போதும், இரண்டாவது வயிற்றில் கல்லாக நிற்கும். குளிர்காலம் என்றால் தள்ளுவண்டியில் தௌலத் கி சாட் தேடுங்கள். பாலைக் கடைந்து எடுத்த நுரை, வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லாதது போலக் கரையும். பெயரில் சாட் இருந்தாலும் இனிப்பு.

மாலைத் தொழுகைக்கு முன் ஜாமா மசூதி. 1656இல் கட்டி முடித்தது. முழங்கால் மூடிய உடை வேண்டும், செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப்போவது நல்லது.

வியாழன், தெற்கு. இந்தக் கிழமையைக் காரணத்தோடுதான் வைத்திருக்கிறேன். காலை ஏழரைக்குக் குதுப் மினாரில் இருங்கள். வெயில் சாய்வாக விழும்போது கல்லில் செதுக்கிய எழுத்துகள் எழுந்து நிற்கும். பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பஸ்கள் வந்துவிடும். 72.5 மீட்டர். குத்புதீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் உயர்த்தினார், இடி விழுந்த பிறகு 1368இல் ஃபிரோஸ் ஷா துக்ளக் மேல்தளங்களைக் கட்டினார். மேல்தளங்களில் பளிங்கு கலந்திருப்பதைக் கீழிருந்தே பார்க்கலாம். ஏற விடமாட்டார்கள். 1981இல் உள்ளே மின்சாரம் போய் நெரிசலில் 45 பேர் இறந்தார்கள், அதிலிருந்து பூட்டு. பக்கத்திலேயே இரும்புத் தூண். 1600 ஆண்டுகளாகத் துருப்பிடித்து அரிக்காமல் நிற்பதற்கு அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருந்ததும், அது மேற்பரப்பில் காப்புப் படலம் உண்டாக்கியதும் காரணம். கைடுகள் மந்திரம் தந்திரம் என்று கதை விடுவார்கள், ரசித்துக் கேளுங்கள். மெட்ரோ ஸ்டேஷன் பெயர் குதுப் மினார் என்றாலும் இறங்கி ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், ஆட்டோ எடுங்கள்.

திரும்பும் வழியில் ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் இருக்கிறது, சுவாமிநாத சுவாமி கோயில். நம்மூர்க் கருங்கல் கோயிலைக் குன்றின் மேல் பார்ப்பதே தனி மகிழ்ச்சி. மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள். தாமரைக் கோயிலை நான் பெரும்பாலும் வெட்டிவிடுவேன். 27 பளிங்கு இதழ்கள், 1986, தூரத்திலிருந்து அழகு. ஆனால் வரிசையில் நின்று உள்ளே போனால் அமைதியாக உட்கார்ந்து எழுந்து வரும் கூடம்தான். கூட்டம் இல்லாத நாளாக இருந்தால் போகலாம்.

மூன்று மணிக்கு ஹுமாயூன் கல்லறை. டெல்லியில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் இதைச் சொல்வேன். 1556இல் புராணா கிலாவில் தன் நூலகப் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்த அரசருக்கு மனைவி கட்டிய கல்லறை. நான்காகப் பிரித்த தோட்டத்தின் நடுவே, மேடை மேல், சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்குமாக. தாஜ்மஹாலுக்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. ஆக்ரா போகும் முன் இதைப் பார்த்துவிட்டால் அங்கே என்ன வளர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். 1857இல் கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜஃபர் ஒளிந்திருந்து பிடிபட்டதும் இங்கே. ஒரு வம்சத்தின் தொடக்க காலமும் முடிவும் ஒரே தோட்டத்துக்குள். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே தோட்டத்தில் உட்காரலாம். 2024இல் நிலத்தடியில் ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். வெயில் நேரத்துக்கு அதுவும் நல்லது.

இருட்டியதும் சாலையைக் கடந்தால் நிஜாமுதீன் தர்கா. வியாழக்கிழமை மாலை இங்கே கவாலி என்னும் சூஃபி பக்திப் பாடல்களைப் பாடுவார்கள், அதற்காகத்தான் இந்தக் கிழமை. ரோஜாப்பூ, அத்தர், கபாப் புகை கலந்த ஒடுங்கிய சந்து. கவிஞர் அமீர் குஸ்ரோவின் கல்லறையும் அதே வளாகத்தில். ‘டெல்லி இன்னும் தூரத்தில் இருக்கிறது’ என்று இங்கே அடக்கமான சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியா சொன்னதாக ஒரு கதை உண்டு. அவரைத் தண்டிப்பேன் என்று படையோடு திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் கியாசுதீன் துக்ளக், ஊருக்குள் நுழையும் முன்பே பந்தல் சரிந்து 1325இல் இறந்துபோனார். தலையை மூடத் துணி எடுத்துப்போங்கள். பணம் கேட்டு நச்சரிப்பவர்களுக்கு ஒரு தலையசைப்புப் போதும், நின்று பேச வேண்டாம். சந்துகளில் நெரிசல் அதிகம், பர்ஸை முன்பையில் வையுங்கள்.

வெள்ளி, அருங்காட்சியகங்கள். கால் ஓய்வெடுக்கட்டும். ஜன்பத்தில் தேசிய அருங்காட்சியகம்: மொகஞ்சதாரோவின் நடன மங்கை பத்தரை சென்டிமீட்டர் உயரம்தான், தேடிப்போகாவிட்டால் தாண்டிவிடுவீர்கள். சோழர் கால வெண்கலச் சிலைகளையும் பார்த்துவிடுங்கள். பிறகு காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 30 அன்று, சுடப்படும் முன் காந்தி கடைசியாக நடந்த பாதையில் காலடித் தடங்களைப் பதித்திருக்கிறார்கள். நுழைவு இலவசம், கூட்டம் குறைவு. ராஜ்காட்டுக்குப் போகிற பத்தில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை என்று எனக்குத் தோன்றும். சாயந்தரம் பங்களா சாகிப் குருத்வாரா. குளத்தங்கரையில் உட்கார்ந்துவிட்டு, லங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் தரையில் அமர்ந்து சாப்பிடுங்கள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ரொட்டியை இரண்டு கையையும் நீட்டி வாங்க வேண்டும், அதுதான் அங்கே மரியாதை.

படி 7: ஆக்ராவை ஒரு நாளில் முடிப்பது

சனிக்கிழமைக்கு இதை வைத்தேன். நிஜாமுதீனிலிருந்து காலை எட்டு மணி வாக்கில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் 100 நிமிடத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட். மாலையில் அதே ரயிலில் திரும்பலாம். வெள்ளிக்கிழமை ஓடாது, தாஜ்மஹாலும் அன்று கிடையாதே. தாஜுக்கு இந்தியர்களுக்கு 50 ரூபாய், கல்லறைக் கட்டடத்துக்குள் போக மேலும் 200. இணையத்தில் எடுத்துவிடுங்கள். தின்பண்டம், புகையிலை, பெரிய பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். வார இறுதியில் கூட்டம் இருக்கும்தான். அது பிடிக்காதவர்கள் புதன்கிழமைக்கு ஆக்ராவை மாற்றி, பழைய டெல்லியைச் சனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதை மாற்றினாலும் பழைய டெல்லி ஞாயிற்றுக்கிழமைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு மிச்சமிருக்கிறது. யமுனைக்கு அப்பால் அக்ஷர்தாம் போகிறவர்கள் போகலாம். கைப்பேசி, கேமரா, பை எதுவும் உள்ளே கூடாது, அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் ஒப்படைக்கும் வரிசையில் ஒரு மணி நேரம் மிச்சம். எனக்கு லோதி தோட்டத்தில் நடந்துவிட்டு டில்லி ஹாட்டில் சாமான் வாங்குவதே போதும்.

படி 8: ஏமாறாமல் நகர்வது

மெட்ரோவில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையை எக்ஸ்ரேயில் போட வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் பத்து ரூபாய்க்குச் சற்று மேலே தொடங்கி அறுபத்துச் சொச்சம் வரை. வண்டியின் முதல் பெட்டி பெண்களுக்கு. ஆண்கள் தெரியாமல் ஏறினால் அபராதம் உண்டு. காலை ஒன்பது, மாலை ஆறு மணி வாக்கில் ராஜீவ் சவுக்கில் வண்டி மாறுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பாரிமுனைக் கூட்டமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஆட்டோவில் மீட்டர் போடச் சொன்னால் சிரிப்பார்கள். வாடகை வண்டிச் செயலியில் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அதை வைத்து ‘பையா’ (அண்ணா) என்று கூப்பிட்டுப் பேசுங்கள். இந்தியில் எண்கள் மட்டும் ஐநூறு வரை பழகிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

புது டெல்லி ஸ்டேஷன் வாசலில் நல்ல உடுப்போடு ஒருவர் வந்து, உங்கள் ரயில் ரத்தாகிவிட்டது, உங்கள் ஹோட்டல் இருக்கும் தெருவில் கலவரம், கோட்டை இன்று மூடியிருக்கிறது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி, அருகில் ‘அரசு சுற்றுலா அலுவலகம்’ இருக்கிறது, காட்டுகிறேன் வாருங்கள் என்பார். நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். கோட்டை மூடியிருக்கிற கிழமை எது என்பது உங்களுக்கே தெரியுமே.

படி 9: திரும்பும் நாள்

டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று மறுபடி பாருங்கள். நிஜாமுதீன் ரயிலுக்குப் புது டெல்லி போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். புது டெல்லி ஸ்டேஷனுக்கு இரண்டு முகப்பு: பஹார்கஞ்ச் பக்கம் முதல் பிளாட்பாரம், மெட்ரோ இறங்கும் அஜ்மேரி கேட் பக்கம் பதினாறாவது. நடுவே நீளமான மேம்பாலம். பெட்டிகளோடும் பெரியவர்களோடும் அதைக் கடக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். எந்த பிளாட்பாரம் என்று தெரிந்த பிறகு அந்தப் பக்க வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னால் அந்த நடையும் மிச்சம். ராத்திரிச் சாப்பாட்டைக் கரோல் பாக்கிலேயே கட்டி வாங்கிவிடுங்கள். புளிசாதம் என்றால் மறுநாள் காலை போபால் தாண்டியும் தாங்கும்.